பன்னிரண்டாவது வீடு

தம்பியின் வலது கையைச் சட்டைக்குள் நுழைத்துவிட்டு இடது கையைத் தேடினாள் சிரானுஷ். அது போர்வைக்கடியில் நனைந்த துணிபோலக் கிடந்தது. படுக்கையில் கிடந்தாலும் ஆர்மீனியர்களான பெத்ரோசியான் வீட்டு ஆண்பிள்ளை காலை ஒன்பது மணிக்கு மேல் இரவுச் சட்டையோடு இருப்பதில்லை.

“வண்டியக் கூப்பிடுக்கா,” என்றான் காரோ. “இன்னிக்குத்தான். எனக்குத் தெரியுது.”

“உனக்கு என்ன தெரியும்? வீடு விக்கத் தெரியும்.”

“அதத்தான் சொல்றேன்.”

கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் வீடு தேடி வந்தவர்களையெல்லாம் நாற்பத்தோரு வருடம் காரில் ஏற்றிக்கொண்டு சுற்றியவன் அவன். கடைசியாக ஏற்றியது பாவோ, மாய் என்ற, லாவோஸ் மலைநாட்டிலிருந்து குடியேறிய ஹ்மாங் இனத் தம்பதியை. பதினொரு வீடு காட்டினான். ஒவ்வொரு வாசலிலும் நின்று மாய் ஒரே கேள்விதான் கேட்டாள்: இங்கே யாராவது செத்திருக்கிறார்களா? அவர்கள் வீட்டுத் தெய்வங்கள் அந்நிய ஆவியோடு ஒரே கூரைக்குக் கீழே தங்காதாம். வேறு தரகன் என்றால் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான். காரோ அக்கம்பக்கத்தில் கதவு தட்டி விசாரித்தான். “ஒரு தாத்தா, சமையலறையில்” என்று வந்து சொல்லித் தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொண்டான்.

வியாதி முற்றியதும் பன்னிரண்டாவதாகத் தன் வீட்டையே காட்டினான். கட்டிய புதிதில் வாங்கியது. யாரும் செத்ததில்லை, நானும் இங்கே சாக மாட்டேன் என்று மாயிடம் வாக்குக் கொடுத்தான். மாதக் கடைசியில் சாவி அவர்கள் கைக்குப் போக வேண்டும். ஊரின் மறுகோடியில், கடைசி நாட்களைக் கழிப்பவர்களுக்கான இல்லத்தில் அவனுக்குப் படுக்கை தயாராக இருந்தது. ஒரு ஃபோன் போட்டால் வண்டி வரும். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று நாளாகத் தள்ளிக்கொண்டிருந்தவள் சிரானுஷ்தான்.

“துருக்கிக்காரங்க நம்ம ஜனங்கள விரட்டினப்ப தாத்தா பாலைவனத்துல விழுந்து செத்தார். மண்ணு கூடப் போட ஆளில்ல,” என்றாள். “அதுக்கப்புறம் நம்ம ஆம்பளைங்க தங்களோட கட்டில்லதான் போயிருக்காங்க. உன் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில போனதையே நான் இன்னும் மறக்கல.”

“அவ அங்க போனதாலதான் வீடு வித்துது.” சிரிக்கப் பார்த்தான். இருமல் வந்தது. “வாக்கு குடுத்துட்டேன்க்கா.”

“சூப் குடி. அப்புறம் கூப்பிடறேன்.”

தயிரும் கோதுமையும் போட்ட சூப்பைச் சிறு தீயில் ஏற்றினாள். மைக்ரோவேவில் வைத்திருந்தால் இரண்டு நிமிடம். புதினாவை ஆய்ந்தாள், நறுக்கினாள், மறுபடியும் நறுக்கினாள். காரோவின் மகள் நைரி வேலைக்குப் போகுமுன் ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போன இல்லத்து ஃபோன் எண் கண்ணெதிரே இருந்தது. இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

கிண்ணத்தோடு போனபோது காரோவின் வாய் திறந்திருந்தது. கண்கள் வாசற்கதவைப் பார்த்திருந்தன. கிண்ணத்தைச் சிந்தாமல் கீழே வைத்தாள். அவன் கண்களை மூடிவிட்டாள். சட்டையில் விட்டுப்போன ஒரு பொத்தானைப் போட்டாள்.

நைரி வந்து கட்டிலருகே வெகுநேரம் நின்றாள்.

“அத்தை, வண்டிய எப்பக் கூப்பிட்டீங்க?”

“கூப்பிடல.”

நைரி குளியலறைக்குப் போனாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“வழியில போயிட்டார்னு சொல்லிடலாம். யாருக்குத் தெரியப்போகுது? அப்பா வாக்கும் காப்பாத்தின மாதிரி இருக்கும்.”

“எனக்குத் தெரியுமே,” என்றாள் சிரானுஷ்.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் சாப்பாடு. முதுகை நாற்காலியில் சாய்க்காமல் உட்கார்ந்து, வந்தவர்கள் நீட்டிய கைகளை ஒவ்வொன்றாகப் பற்றிக் குலுக்கினாள் சிரானுஷ். எண்பது வயதில் என்ன திடம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. திடமெல்லாம் ஒன்றுமில்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் எதுவுமே இல்லை.

பாவோவும் மாயும் தட்டில் சோற்றோடு அவளெதிரே வந்து உட்கார்ந்தார்கள்.

“எங்களுக்கு அண்ணன் மாதிரிங்க,” என்றார் பாவோ. “பதினோரு வீடு காட்டியும் மூஞ்சி சுளிக்கல. உங்களுக்கு வீடு தேடறதவிட இவளுக்கு வேற மாப்பிள்ளை பாத்திருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும்னு கிண்டல் பண்ணுவார்.”

“அவன் வீட்லதான் செத்தான்,” என்றாள் சிரானுஷ்.

மாய் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

“வண்டியக் கூப்பிடச் சொன்னான். நான்தான் கூப்பிடல. அவன் வாக்கு தவறல. தவறவிட்டது நான்.”

“எந்த ரூம்?”

“முன்னறை. ஜன்னலோரம்.”

“பக்கத்துல யாரு இருந்தாங்க?”

சிரானுஷ் மேசைவிரிப்பின் ஓரத்தை நீவினாள். “யாரும் இல்ல. நான் அடுப்படியில இருந்தேன்.”

பாவோ மனைவியைப் பார்த்தார். மாய் கரண்டியை எடுத்து, தட்டிலிருந்த சோற்றைக் கடைசிப் பருக்கைவரை மெதுவாகச் சாப்பிட்டு முடித்தாள். அவள் முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். எழுந்தபோது இருவரும் சிரானுஷுக்குத் தலைவணங்கினார்கள். வீடு வேண்டாம் என்ற கடிதம் திங்கட்கிழமை வந்தது.

வீட்டை மறுபடியும் விற்பனைக்குப் போடவேண்டியிருந்தது. வாங்குபவர்களுக்கு வீட்டின் குறைகளைச் சட்டப்படி தெரிவிக்கும் படிவங்களை நைரி சாப்பாட்டு மேசையில் பரப்பி ஒவ்வொன்றாய் வாசித்தாள். கூரை ஒழுகுகிறதா? கறையான் உண்டா? அண்டைவீட்டுக்காரரோடு வேலித் தகராறு உண்டா? ஒன்பதாம் பக்கத்தில் அவள் குரல் நின்றது.

“படி.”

“கடந்த மூணு வருஷத்துல இந்த வீட்ல யாராவது இறந்திருக்காங்களா?”

“எழுது. காரோ பெத்ரோசியான். ஹகோப் பெத்ரோசியானோட மகன். எழுபத்தி நாலு வயசு.”

“எழுத இடமில்ல அத்தை. ஆமா, இல்லன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு.”

சிரானுஷ் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை வாங்கினாள். முதல் கட்டத்துக்குள், நாலு பக்கக் கோட்டிலும் படாமல், சின்னதாக ஒரு குறி போட்டாள்.