சன்னமான சத்தம்

திருத்தணியில அல்தாஃப் பாய் ஷெட்டுன்னா, காதால வண்டி பாக்கற ஷெட்டுன்னு பேரு. வண்டி வந்து நின்னா மனுஷன் ஸ்பானரத் தொட மாட்டாரு. இஞ்சின ஓடவுட்டு, ஒரு முழ நீட்டுல ஸ்குரூ டிரைவர் ஒண்ணு வச்சிருக்காரு, அதோட முனைய இஞ்சின் மேல வச்சி, பிடியக் காதுல ஒட்டிகினு கண்ண மூடிப்பாரு. அப்பறம் நிமிந்து, இந்த பேரிங் போயிட்டுதுன்னு ஒரு வார்த்த சொல்வாரு. இருவத்தெட்டு வருஷமா அந்த ஒரு வார்த்த தப்பினதில்ல.

போன வாரம் தப்பிடுச்சி.

டாக்சி ஓட்டற பரசுராமன் வண்டிய எடுத்தாந்து, பெல்ட் பக்கம் கீச்சுன்னு ஒரு சத்தம் வருது, கேக்குதா பாய்னு கேட்டான். ஆங், கேக்குதுன்னாரு அல்தாஃப். பொய்யி. அவருக்கு ஒரு மண்ணும் கேக்கல. இஞ்சின் உறுமறது கேட்டுது, ரோட்டுல பஸ் போறது கேட்டுது, பரசுராமன் பேசறது கூட ஜோரா கேட்டுது. அந்தக் கீச்சு மட்டும் இல்ல. கேக்கலன்னு சொல்ல வாய் வரணுமே! பெல்ட் சுத்தி ஓடற நாலு புல்லியையும் ஆட்டிப் பாத்தாரு. ஒண்ணு லேசா ஆடுச்சி. அதுதான்னு மாத்திக் குடுத்துட்டாரு.

இன்னிக்கி மத்தியானம் அதே வண்டி, அதே சத்தத்தோட வந்து நிக்குது. நாளைக்குக் கிருத்திகை. விடிஞ்சதுல இருந்து சனத்த ஏத்திகினு மலைக்கு ஏறி எறங்கணும் அந்த வண்டி. பாதி ஏத்தத்துல புல்லிக்குள்ள இருக்கற பேரிங் இறுகிச்சின்னா பெல்ட் அறுந்துடும், ஸ்டீரிங் கல்லாட்டம் ஆயிடும். உள்ள கைக்கொழந்தைங்க வேற இருக்கும். பரசுராமன் சண்ட போட்டிருந்தா கூட தேவல. அவன் பாட்டுக்கு, உங்களுக்கே தப்புமா பாய்னு சாதுவா கேட்டுட்டான்.

அவன டீ குடிச்சிட்டு வாப்பான்னு அனுப்பிட்டு, இஞ்சின ஓடவுட்டு, ஸ்குரூ டிரைவரக் காதுல வச்சிகினு நின்னாரு. எடது காது. வலது காது. மறுபடியும் எடது. நாலு புல்லியும் ஒரே மாதிரி உறுமுது. காது போன மெக்கானிக்க எவன் தேடி வருவான்? இந்த ஊர்ல இன்னும் எத்தினி நாளைக்கி ஆங், கேக்குதுன்னு சொல்லிகினு திரியறது? பட்டப்பகல்ல, ஷெட்டு நடுவுல, அவருக்கு அழுக முட்டிகினு வந்துச்சி.

தோள்ல ஒரு கை பட்டுது. சாயிரா. ஷெட்டுக்குப் பின்னாலயே வூடு. பொண்டாட்டி மூஞ்சி சிவந்துகினு இருந்துச்சி. சோறு ஆறிப்போச்சின்னு நாலு தபா கூப்ட்டாச்சாம், மனுஷன் திரும்பிக் கூட பாக்கலியாம்னு காதுகிட்ட வந்து கத்தினா. வழக்கமா இந்த நேரத்துல அல்தாஃப் ஒரு சாக்கு சொல்லித் தப்பிச்சிடுவாரு. இன்னிக்கி என்னமோ, சாக்கு கெடைக்கல.

"சாயிரா, ஒனக்கு இந்த வண்டில ஏதாச்சும் கீச்சுன்னு கேக்குதா?"

"என்னா கேள்வி இது? வூட்டுக்குள்ள வரைக்கும் கேக்குது. பல்லு கூசுது எனக்கு."

அல்தாஃப் அவளயே பாத்தாரு. "எனக்குக் கேக்கல. ரொம்ப நாளா கேக்கல."

அவ கோவம் எங்கியோ போயிட்டுது. அவரு மெல்ல ஸ்குரூ டிரைவர அவ கையில குடுத்தாரு. பெல்ட்டு பொல்லாதது, துணி மாட்டினா ஆளயே இழுத்துடும்னு சொல்லி, அவ துப்பட்டாவ அவரே எடுத்து முதுகுக்குப் பின்னால இறுக்கி முடிச்சி போட்டாரு. கண்ணாலம் ஆகி இத்தினி வருஷத்துல அவ அந்த ஷெட்டுல ஒரு சாமானத் தொட்டதில்ல. அவ கைய இவரு கையால பிடிச்சி, புல்லி நடுவுல சுத்தாத போல்ட்டு மேல முனைய வச்சாரு. பிடிய அவ காதுல வச்சாரு.

மொதல் புல்லிக்கு, சும்மா ஓடுதுன்னு உரக்க சொன்னா. ரெண்டாவதுக்கும் அதான். பெல்ட்ட இழுத்துப் பிடிக்கற புல்லிகிட்ட வந்ததும் வெடுக்குனு தலைய எடுத்துகினா.

"இதுதாங்க. உள்ள எலி மாட்டிகினு கத்தற மாதிரி இருக்குது."

கையால சுத்திப் பாத்தா அந்தப் புல்லி நல்லாத்தான் சுத்திச்சி, அதனாலதான் போன வாரம் ஏமாந்தாரு. இப்ப கழட்டி மூடிய நெம்பினா, பேரிங்ல ஒரு பொட்டு கிரீஸ் இல்ல. குண்டுங்க கருகிக் கெடக்குது. பரசுராமன் வந்ததும் புல்லிய அவன் கையில வச்சி, போன வாரம் எனக்குக் காது கேக்காமத்தான் தப்பா மாத்திட்டேன்பா, இத சாயிராதான் கண்டுபிடிச்சான்னு போட்டு ஒடச்சாரு. பரசுராமன் புல்லியத் திருப்பிப் பாத்தான். அப்பறம், இதுல என்னா இருக்குது பாய், இனிமே அண்ணிகிட்ட காட்டறேன்னு சொல்லிட்டு, புதுசு வாங்க ஸ்பேர் கடைக்கிக் கெளம்பிட்டான். இதச் சொல்லவா நாம இத்தினி நாளு செத்துகினு இருந்தோம்னு ஆயிட்டுது அல்தாஃபுக்கு.

ஷெட்டு மூலையில பழைய கார் சீட்டு ஒண்ணு கெடக்கும். பொண்ணு நஸியாவ அரக்கோணத்துல கட்டிக் குடுத்த புதுசுல, வூட்டுல தனியா இருக்க முடியாம சாயிரா மத்தியானம் மத்தியானம் அதுல வந்து உக்காருவா. அப்பறம் வரத நிறுத்திட்டா. இன்னிக்கி நாலு மாசம் கழிச்சி அதுல உக்காந்து, உரக்கவே கேட்டா.

"அப்ப நான் பேசனது எதுவும் ஒங்களுக்குக் கேக்கலியா?"

"நீ பேசனியா?"

அவ வாய் மேல கைய வச்சிகினா. சாயிராவுக்குக் கொரல் சன்னம், கத்தினாதான் அவரு காதுல வுழும். ஆம்பளைங்க கட்டக் கொரலு அவருக்குக் கேட்டுது, யாருக்கும் சந்தேகம் வரல. சன்னமானதெல்லாம் போயிட்டுது, பேரிங்கும் சரி, பொண்டாட்டியும் சரி. பொண்ணு போனதுல இவ வாய் அடங்கிப் போச்சின்னு அவரு நெனச்சிகினு இருந்தாரு. மனுஷன் பதிலே சொல்ல மாட்றாரே, நம்ம மேல வெறுப்பு போலன்னு அவ நெனச்சிகினு இருந்தா. நாலு மாசம், ஒரே வூட்டுல.

பரசுராமன் வந்தான். புது புல்லிய மாட்டி, பெல்ட்ட ஏத்தி, இஞ்சின ஓடவுட்டாரு அல்தாஃப். அப்பறம் சாயிராவப் பாத்தாரு. அவ எழுந்து வந்து, இந்த தபா அவளே துப்பட்டாவ முடிஞ்சிகினு, காதக் குடுத்துக் கேட்டா. தலைய ஆட்டினா. ஒண்ணும் இல்ல, சுத்தமா ஓடுது. நாளைக்கி நேரத்தோட போகணும்னு பரசுராமன் வண்டிய எடுத்துகினு போயிட்டான்.

அல்தாஃப் கைய தொடச்சிகினு அவ பக்கத்துல போயி குனிஞ்சாரு. அப்ப என்னா சொல்லிகினு இருந்தேன்னு கேட்டாரு. எல்லாத்தையும் திருப்பிச் சொல்ல முடியுமான்னா அவ. ஒண்ணாச்சும் சொல்லுன்னாரு.

அவ அவரு காதுகிட்ட வாய வச்சி, உரக்க, ஒவ்வொரு வார்த்தையா சொன்னா.

"என் மேல கோவமான்னு கேட்டேன்."

"எத்தினி தபா?"

"தெனம்."

அல்தாஃப் நிமிந்து அவ மூஞ்சியப் பாத்தாரு. கிரீஸ் கையின்னு கூட பாக்காம அவ கையப் பிடிச்சிகினாரு.

"இல்ல சாயிரா"ன்னாரு. மறுபடியும், இல்லன்னாரு. நாலு மாசத்துக்கும் சேத்து, அவ போதும்ங்கற வரைக்கும் சொல்லிகினே இருந்தாரு.