குழுவுக்கு வைத்த விருந்து

பிள்ளையைப் பரிசோதிக்க மூன்று பேர் கொண்ட குழு வீட்டுக்கு வரப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து சூராவுக்குக் கைகால் ஓடவில்லை. ஒன்பது வயது மகள் ஐசிரெக் இந்த செப்டம்பரிலாவது வகுப்பில் உட்காருவாளா, இல்லை மறுபடியும் வீட்டுப் படிப்புதானா என்று அவர்கள்தான் எழுத வேண்டும். வீட்டுப் படிப்பு என்றால், வாரம் இரண்டு தடவை ஓர் ஆசிரியை வந்து தேநீர் குடித்துவிட்டுப் போவது. மற்ற நாளெல்லாம் தாயும் மகளும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கணவன் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்தான்.

ஐசிரெக்குக்கு ஆட்டிசம். பழகிய இடத்தில்தான் வாய் திறப்பாள். பள்ளியின் மனநல ஆலோசகர் புருல், நாரின் நகரத்தில் ஏறாத அலுவலகமெல்லாம் ஏறி, குழுவையே வீட்டுக்கு வரச் சம்மதிக்க வைத்திருந்தாள். குழு வருவதற்கு முந்தின நாள் வந்து சூராவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, விருந்து கிருந்துன்னு ஒண்ணும் வேணாம். நீங்களும் அவளும் மட்டும் இருங்க. கூட்டத்தைப் பாத்தா புள்ள ஒடுங்கிடுவா.”

சூரா சரி என்றுதான் சொன்னாள். சொன்னவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நாத்தனார் கல்பூபுவின் காதில் போட்டுவிட்டாள்.

“வெறும் தேத்தண்ணி குடுத்தா அனுப்புவ? என் தம்பி மானம்தான போகும்?”

ஆடு அறுபட்டது. விடிகாலையிலிருந்து எண்ணெயில் போர்சோக் ரொட்டித் துண்டுகள் பொரிந்தன. குழு வந்தபோது சாப்பாட்டு விரிப்பைச் சுற்றிப் பதினான்கு பேர், ஆளுக்கொரு பேச்சு.

ஐசிரெக் காதைப் பொத்திக்கொண்டு, அடுக்கிவைத்த மெத்தைகளுக்குப் பின்னால் புகுந்துவிட்டாள். குழுத் தலைவி குனிந்து பெயர் கேட்டாள், புத்தகத்தை நீட்டினாள். மாவு மூட்டையில் அச்சடித்திருப்பதைக்கூட விடாமல் வாசிக்கிற பிள்ளை, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. இன்னொரு நாள் பார்க்கலாமே என்று புருல் கெஞ்சினாள். பிள்ளைக்கு வெட்கம், நீங்கள் சாப்பிடுங்கள் என்று கல்பூபு தட்டை நிரப்பினாள்.

தலைவி கறியை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை எடுத்து எழுதி, சூராவிடம் நீட்டினாள். இது சரியில்லை என்ற சொல் சூராவின் தொண்டை வரை வந்தது. தன் ரொட்டியைப் பிட்டுத் தின்ற விருந்தாளியிடம், அதுவும் தன் வீட்டிலேயே, எப்படி எதிர்த்துப் பேசுவது? கையெழுத்துப் போட்டாள். புருல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

மிஞ்சிய கறியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். சூராவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பாத்திரங்களின் நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வீடு அடங்கிய பிறகு ஐசிரெக் வெளியே வந்தாள். குழு விரிப்பில் விட்டுப்போன காகிதத்தின் நகலை எடுத்து, எழுத்துக் கூட்டாமல், திருத்தமாக வாசித்தாள்.

“வாசிப்பு, தெரியாது. பேச்சு, இல்லை. வீட்டுப் படிப்பைத் தொடரலாம். தாய் சம்மதிக்கிறார்.”

வாசிக்க எடுத்ததை அவள் ஒரு தடவையோடு விடமாட்டாள். மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினாள். கேட்பதற்கு சூராவைத் தவிர அங்கே யாரும் இல்லை.