படத்திலிருந்த வளவு

“இன்னும் கொஞ்சம் முன்னுக்கு விடுங்கோ அண்ணை,” என்றாள் உதயகலா.

பிரேத வண்டி மூன்றாவது தடவையாக அதே ஒழுங்கைக்குள் ஊர்ந்தது. பின்னால் பெட்டிக்குள் அவளுடைய அப்பா பரமலிங்கம். யாழ்ப்பாணம் ஆசுபத்திரியில் உடலை எடுத்ததும் நேரே மானிப்பாய் வாடகை வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அங்கே ஐயர் வந்து காத்திருந்தார். கனடாவிலிருந்து அண்ணன் கோபிசங்கர்தான் விடவில்லை. அப்பா பிறந்த வீட்டு வளவில் ஒரு நிமிடமாவது வண்டி நிற்க வேண்டுமாம்.

முப்பது வருடத்துக்கு மேல் இராணுவம் வைத்திருந்துவிட்டு, போன வருடம்தான் விட்ட காணி. வீடு இல்லை, மதில் இல்லை. இடம்பெயர்ந்தபோது அவளுக்கு மூன்று வயது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பப்பா காலத்துப் படம் ஒன்றுதான்: தூண் வைத்த கல்வீடு, முன்னால் குரோட்டன் வரிசை, றோசாப் பாத்தி, மல்லிகைப் பந்தல்.

அந்தப் படத்தோடு அப்பா ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. காணி விட்ட அன்று அவரை ஓட்டோவில் கூட்டி வந்தாள். அவர் இறங்கவேயில்லை. படத்தைப் பார்த்தார், பற்றையைப் பார்த்தார்.

“இது எங்கடை வளவில்லை, பிள்ளை. உவங்கள் மாறித் தந்திட்டாங்கள்.”

அடுத்த கிழமையே புது மனு எழுதச் சொன்னார். அன்று கிராம சேவகர் கைகாட்டிய இடம், மாரி மழைக்குப் பிறகு பற்றை மூடி எது என்றே தெரியவில்லை.

“தங்கச்சி, வெயில் ஏறுது,” என்றார் சாரதி சிமியோன். “ரெண்டு மணிக்கு எனக்கு இன்னொண்டு இருக்கு.”

போன் அடித்தது. வீடியோவில் அண்ணனின் முகம் வீங்கியிருந்தது.

“வந்திட்டியளே? காட்டு.”

“எது எண்டு தெரியேல்லை அண்ணா. ஒண்டுமே மிச்சமில்லை.”

“படத்தை வச்சுப் பாரன். அங்கை இருந்துகொண்டு இதுகூட உன்னாலை ஏலாதே?”

பதினாறு வருடமாக அப்பா சொல்லச் சொல்ல அத்தனை மனுவையும் எழுதியவள் அவள். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். நாயுண்ணிப் பற்றைக்குள் கட்டு இடிந்த கிணறு ஒன்று தெரிந்தது. யாருடைய கிணறோ. போனை அந்தப் பக்கம் திருப்பினாள்.

“இதுதான்.”

“மல்லிகைப் பந்தல் எங்கை நிண்டது?”

“அந்தக் கிணத்தடியிலை.”

அண்ணன் ஓவென்று அழுதான். “ஓம்... ஓம், எனக்கு ஞாபகம் இருக்கு. ஆட்டாமப் பிடி.”

சிமியோன் என்ஜினை நிறுத்தினார். உதயகலாவுக்குக் கை நோகத் தொடங்கியது. போனை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்தாள்.