ஓடாத வண்டியின் மைலேஜ்

காலையில் எழுந்ததும் ஆவுடைநாயகம் காரின் உறையை ஓரமாகத் தூக்கிப் பார்ப்பார். கீறல் இல்லை, எலி கடிக்கவில்லை, குற்றாலத்துக் குரங்கு எதுவும் மேலே ஏறவில்லை என்று உறுதியான பிறகுதான் அவருக்குக் காபி தொண்டையில் இறங்கும். வீடு மேலகரத்தில், பாத்திரக்கடை தென்காசியில். கடைக்குப் போய்வருவது பழைய மொபெட்டில்தான்.

கார் ஹைபிரிட். பெட்ரோல் எஞ்சினும் பேட்டரியும் சேர்ந்து இழுக்கிற ரகம்; சாதா வண்டியைவிட விலை லட்சக்கணக்கில் கூடுதல். கொசுறு கறிவேப்பிலை வாங்காமல் காய்கறிக் கடையை விட்டு நகராத மனுஷர், அந்த விலைக்கு மட்டும் பேரம் பேசவில்லை. வீரகேரளம்புதூர்ச் சம்பந்தி சுந்தரபாண்டியன் அப்போதுதான் சாதா பெட்ரோல் கார் எடுத்திருந்தார். அவரை முந்த வேண்டாமா?

"மைலேஜ்லயே போட்ட காசு திரும்பிரும் சம்பந்தி," என்று போனில் அளந்துவிட்டார்.

"ஓட்டுனாத்தானே மைலேஜு? நீங்க சீட்டுல ஒட்டுன பிளாஸ்டிக்கையே இன்னும் கிழிக்கல," என்றாள் மனைவி வள்ளித்தாய்.

"ஓட்டுனா தேஞ்சு போகும்ட்டி. இப்பப் பாரு, பெட்ரோல் செலவே கிடையாது!"

வண்டியை ஒப்படைத்த ஷோரூம்காரர் ஒரு யோசனை சொல்லித்தான் அனுப்பினார். "வாரம் ஒரு தடவையாவது ஓட்டிருங்க அண்ணாச்சி. சும்மா போட்டா ஸ்டார்ட் பண்ணுத சின்ன பேட்டரி செத்துரும்." காசு வாங்காமல் ஒருவன் யோசனை சொன்னால் உள்ளே வில்லங்கம் இருக்கும் என்பது ஆவுடைநாயகம் கடைத்தெருவில் படித்த பாடம். 'தேய வச்சு சர்வீஸுக்கு இழுக்கப் பாக்கான்' என்று சிரித்துக்கொண்டே வந்து உறையைப் போட்டவர்தான், அப்புறம் வண்டியை எடுக்கவே இல்லை.

ஆனி மாதம், சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறு. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் வேல்விழி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா..." என்றாள். பனிக்குடம் உடைந்துவிட்டது. தரையில் ஓடிய நீரில் பச்சை கலந்திருந்தது.

வள்ளித்தாய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். "பச்சையா இருக்கா? பிள்ளைக்கு மூச்சு முட்டலாம். நிக்காதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க," என்றது மறுமுனை. ஆம்புலன்ஸுக்கும் சொன்னார்கள். குற்றால சீசன் கூட்டம் அடைத்துக்கொண்ட ரோட்டில் அது எப்போது வந்து சேருமோ!

"நம்ம வண்டி எதுக்கு இருக்கு?" என்று ஆவுடைநாயகம் உறையை இழுத்து எறிந்தார். சாவியை அமுக்கினார். கதவு திறக்கவில்லை. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு சாவியைப் பக்கத்து வீட்டு சுடலைராஜ் பிதுக்கி எடுத்துக் கொடுத்தார். ஆவுடைநாயகம் உள்ளே ஏறி ஸ்டார்ட் பட்டனை அமுக்கினார். ஒரு விளக்குகூட மினுங்கவில்லை. மறுபடியும் அமுக்கினார்.

"தள்ளுங்கலே!" என்று கத்தினார். தெருவே கூடித் தோள் கொடுத்தது. சக்கரம் இம்மி அசையவில்லை.

"சின்ன பேட்டரி செத்துட்டுன்னா சக்கரமும் பூட்டிக்கிடும். இது தள்ளி ஸ்டார்ட் பண்ணுத வண்டி இல்ல அண்ணாச்சி," என்றார் சுடலைராஜ் மூச்சு வாங்க.

"அப்பா, பிள்ள அசையவே மாட்டேங்குதுப்பா," என்றாள் வேல்விழி. அவள் உதடு வெளுத்திருந்தது. ஆவுடைநாயகம் காரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வள்ளித்தாய் உட்காரவில்லை. தெருமுனைக் கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் இறக்க வந்திருந்த தங்கள் கடை லோடு ஆட்டோவைக் கூப்பிட்டாள். டிரைவர் ஸ்டான்லி அண்டாக்களை ஒதுக்கிச் சாக்கை விரித்தார். "ஏறுங்க மொதலாளி, உக்காந்துட்டிருக்க நேரமில்ல!"

மழையில் மகள் தலைக்குமேல் தார்ப்பாயைப் பிடித்தபடி போனார் ஆவுடைநாயகம். குழியில் ஆட்டோ விழுந்தபோதெல்லாம் அண்டாக்கள் இடித்துக்கொண்டன, வேல்விழி முனகினாள். முனகல் நின்றபோதுதான் அவருக்கு அதிகம் பயமாக இருந்தது. நெரிசலில் அவர் கார் ரகத்திலேயே ஒன்று, கேரளா நம்பரோடு, சத்தமில்லாமல் ஊர்ந்து கடந்துபோனது. ஓடுகிற வண்டி. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அறுவை அறைக் கதவு மூடியது. நர்ஸ் ஒருத்தி உள்ளே ஓடினாள். இன்னொருத்தி ஆக்சிஜன் கேட்டுக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். குழந்தை பிறந்துவிட்டது என்று அவள் சொன்னாள். அழுததாகச் சொல்லவில்லை. ஆவுடைநாயகம் கதவில் காதை வைத்து நின்றார். நேரம் போனதே தவிர உள்ளிருந்து எதுவும் கேட்கவில்லை. வள்ளித்தாய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். கடைசியில், பூனைக்குட்டி கத்துவதுபோல் மெல்லிய அழுகை ஒன்று வந்தது. இரண்டு பேரும் அந்த இடத்திலேயே உடைந்து அழுதார்கள்.

தாயும் பிள்ளையும் தேறிய பிறகு, சாயங்காலம் சம்பந்தி வந்தார். கண்ணாடிக்கு அப்பால் பேத்தியைப் பார்த்தார், கண்ணைத் துடைத்தார். பிறகு ஆவுடைநாயகத்தைத் தனியாக ஓரங்கட்டினார்.

"சம்பந்தி, இந்த நேரத்துல கேக்கேன்னு தப்பா நெனக்காதீங்க. நானும் ஹைபிரிட்டுக்கு மாறலாம்னு பாக்கேன். கூடக் குடுக்கிற காசுக்குத் தகுமா?"

வாங்கிய பொருளை வாழ்நாளில் குறை சொல்லாத வியாபாரி ஆவுடைநாயகம். வழக்கம்போல் வாய் திறந்தது. ஆனால் கண்ணாடிக்கு அப்பால் கிடந்த பேத்தியைப் பார்த்ததும், வந்த பெருமைப் பேச்சை விழுங்கிக்கொண்டார்.

"தெனமும் ஓடுதவனுக்குத் தகும் சம்பந்தி. டவுன் நெரிசல்ல நின்னு நின்னு போறவனுக்குக் கூடக் குடுத்தது கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வந்துரும். நான் ஓடவா வாங்குனேன்? ஒங்க முன்னால நிறுத்தத்தானே வாங்குனேன்! அடுத்தவன் கண்ணுக்காக வாங்குத பொருள் எதுவும் எந்த விலைக்கும் தகாது. நம்ம தேவை என்னன்னு பாத்து வாங்கணும், வாங்குனத ஒழுங்கா வச்சுக்கிடணும். அத மறந்ததுக்கு எம் புள்ளையையும் பேத்தியையும் வெலையாக் குடுக்கப் பாத்தேன்."