இறங்காத பிரஷர்

வேலாயி வீட்டு முன்வாசல் இஸ்தோப்பில் தொங்கிய பிஸ்கட் டின்னை என் தலையால் முட்டிக் கவிழ்த்தேன். குனிந்து வரும்படி பின்னால் யாரோ சொன்னது, முட்டிய பிறகுதான் காதில் விழுந்தது.

டின்னிலிருந்து மாத்திரைகள் கொட்டின. வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு. எல்லாம் நான் கொடுத்தவை. ஒன்றிரண்டு என் சட்டைப் பைக்குள்ளேயே விழுந்தன.

கோழிகள் ஓடி வந்தன. வேலாயியின் மருமகள் நிஷாந்தி விளக்குமாற்றோடு அவற்றை விரட்ட, நான் மண்டியிட்டுப் பொறுக்கினேன். “டாக்டரய்யா வெத போடுறாரு” என்றார் அடுத்த வீட்டு வீரய்யா.

நான் டாக்டர் இல்லை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மருந்தகத்தில் மருந்து கொடுப்பவன். அப்படிக் கூப்பிட்டால் திருத்துவதில்லை, அவ்வளவுதான். வேலாயிக்குப் பிரஷர் இறங்கவில்லை என்று ஒரு மாத்திரை கூட்டினேன். அதற்கும் இறங்காததால் இன்னொன்று. இத்தனையும் வயிற்றை எரிக்குமே என்று வயிற்றுக்கு ஒன்று. அன்று காலை கொழுந்து பறிக்கும் மலையில் அவர் மயங்கி விழுந்ததாகக் கேள்விப்பட்டு, இன்னும் வீரியமான ஒன்றை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

ஏன் போடவில்லை என்று வேலாயியிடம் கேட்டேன். மறந்துவிட்டதாம். பிறகு, கசக்கிறதாம். நிஷாந்தி சுவரைப் பார்த்தாள். தூக்கி வீசியாவது இருக்கலாமே என்றதற்குத்தான் வேலாயிக்குப் பேச்சு வந்தது. வாசல் கானில் போட்டால் தண்ணீரோடு கீழ் லயத்து வீடுகள் குடிக்கும் பீலிக்குப் போகும், புதைத்தால் நாய் தோண்டும், அடுப்பில் போட்டால் பிள்ளைகளுக்கு இருமல். என்னிடமே திருப்பித் தரலாம்தான், ஆனால் மனம் வரவில்லையாம்.

“பாவம், நீங்க ஆசையா குடுக்குறீங்க” என்றார்.

வழக்கமாக ஒரு பகிடி சொல்லிச் சிரித்துத் தப்பியிருப்பேன். அன்று பிரஷர் பார்த்தேன். முன்னைவிட ஏறியிருந்தது. நான் கூட்டிய எல்லாவற்றையும் அவர் திடீரென்று சேர்த்து விழுங்கியிருந்தால் பிரஷர் ஒரேயடியாக இறங்கி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து, கொண்டுவந்த புது மாத்திரையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

“இப்படியே விட்டா அடுத்த தடவ மலையிலயிருந்து தூக்கிட்டுத்தான் வரணும். கோவிக்க மாட்டேன். நெசமா சொல்லுங்க, ஏன் போடல?”

வீரய்யா தன் வீட்டுக்குள் போகும்வரை வேலாயி பொறுத்திருந்தார். அப்புறமும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அந்த மாத்திரைய போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருதுங்கய்யா. மலையில கக்கூஸா இருக்கு? மேல நின்னு வேல வாங்குற கண்டாக்கய்யா பாத்துக்கிட்டே நிப்பாரு. பொம்பளைங்க நாங்க எங்க போயி ஒதுங்குறது?”