முன்னாடியே வந்து நிற்கும் கூட்டம்

விளக்கு வண்டி இன்னும் வந்து சேரவில்லை. தடுப்புக் கம்பிகள் லாரியை விட்டு இறங்கவில்லை. அதற்குள் தெருமுனையில் கூட்டம் வந்து நின்றுவிட்டது. மாடிகளில் ஆட்கள், மதில்மேல் ஆட்கள், மூடிக் கிடந்த மருந்துக்கடையின் தகரக் கூரையிலும் நாலைந்து பேர் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தடுப்பக்கா காரிலிருந்து இறங்கிய இடத்திலேயே நின்றாள். மூன்றாவது நாளாக இதே கதை.

படப்பிடிப்புக்கு முன்பே இடத்தைப் போய்ப் பார்த்து, வண்டிகள் எந்த வழியாக வரும், நடிகர் எந்த வழியாக வருவார், தீப்பிடித்தால் ஆட்கள் எந்தப் பக்கம் ஓடலாம், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும் என்றெல்லாம் திட்டம் போடுவது அவள் வேலை. யூனிட்டில் யாருக்கும் அவள் பெயர் நினைவில் இல்லை. எப்போது பார்த்தாலும் "இங்க ஒரு தடுப்பு, அங்க ஒரு தடுப்பு" என்று கையை நீட்டிக்கொண்டே நடப்பதால் தடுப்பக்கா.

தயாரிப்பு மேனேஜர் வியர்த்து வழிய வந்தார். "இதுக்குத்தான் உங்களைத் தனியா வேலைக்கு வச்சிருக்கோமா? எந்தத் தெருன்னு எனக்கே நேத்து சாயங்காலம்தான் தெரியும். இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கும் அதான் சார் புரியல."

"புரியலன்னு சொல்றதுக்கு நானே போதுமே."

அவள் செய்து பார்க்காதது ஒன்றுமில்லை. யூனிட்டுக்குக் கொடுக்கும் தாளில் இடத்தின் பெயரையே எடுத்துவிட்டாள். எல்லா வண்டிகளும் முதல் வேனின் பின்னால் வந்தால் போதும் என்று ஏற்பாடு செய்தாள். செட்டுக்குள் வருகிறவர்களின் போனை வாங்கி ஒரு பையில் பூட்டினாள். அப்படியும் கூட்டம் அவளுக்கு முன்பே வந்து, இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று கேட்பதுபோல் நிற்கிறது.

அன்று ஒரு ஷாட்கூட எடுக்க முடியவில்லை. மத்தியானத்துக்குள் மருந்துக்கடைக் கூரை உள்வாங்கி, மேலே இருந்தவர்கள் கடைக்குள் விழுந்தார்கள். நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. கடைக்காரர் நேராக அவளிடம் வந்து, வாயில் வந்ததையெல்லாம் திட்டிவிட்டுப் போனார். டைரக்டர் குடைக்கு அடியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இடம் முன்கூட்டித் தெரிந்தவர்கள் டைரக்டர், மேனேஜர், ஹீரோ, முதல் வேனின் டிரைவர், பிறகு அவள். டைரக்டர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள மாட்டார். மேனேஜருக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. கூட்டத்தில் சிக்கிக் கசங்கப்போகிறவரே ஹீரோதான். மிச்சம் டிரைவர்.

டிரைவருக்கு வாய் ஓயாது. சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரரிடம் குடும்ப நிலவரம் விசாரிக்கிற ரகம். முந்தின நாள் அவன் செட்டுக்கு வெளியே வேனுக்குப் பின்னால் நின்று போனில் சிரித்துப் பேசியதையும், தன்னைக் கண்டதும் சட்டென்று வைத்ததையும் அவள் பார்த்திருந்தாள். அது போதும் என்று தோன்றியது. மேனேஜரிடம் சொன்னாள். பழியைத் தூக்கிப்போட ஒரு தலையைத் தேடிக்கொண்டிருந்த மேனேஜர், அங்கேயே எல்லார் முன்னிலையிலும் அவனை வேலையை விட்டு அனுப்பினார்.

அவன் வேன் சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தான். "நான் யார்கிட்டயும் சொல்லலக்கா. போன்ல பேசினது என் வீட்டுக்காரிகிட்ட. வேணும்னா அவளையே கூப்பிட்டுத் தரேன், கேளுங்க."

"வேணாம்ப்பா."

"வேணாம்னா? நம்பிட்டீங்களா, நம்பலையா?"

அவள் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நாத்தனார் சிரித்த முகமாக எதிரே வந்தாள். கணவனின் தங்கை, பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் வேலை. அந்த ஹீரோ என்றால் அவளுக்கு உயிர்.

"அண்ணி, நாளைக்கு மில்லுக்கு நானும் வரேன். லீவு சொல்லிட்டேன்."

"எந்த மில்லு?"

"அதான், பூட்டிக் கிடக்குதே பழைய நூல் மில்லு. இடது வாசல்ல நிக்கச் சொல்லியிருக்காங்க. நம்ம ஹீரோ காரு அந்த வழியாத்தான் வருதாம்."

அவள் நாத்தனாரின் கையிலிருந்து போனைப் பிடுங்கிப் பார்த்தாள். ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் குழுவில் செய்தி வந்திருந்தது. மில், காலை, இடது வாசல். கீழே இதயப் படங்களாகக் கொட்டிக் கிடந்தன.

அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கணவன் எட்டிப் பார்த்தான். "என்ன முழிக்கிற? நீ போட்ட திட்டம்தானே, உனக்கே தெரியாதா?"

அவள் பார்த்த பார்வையில் அவன் மறுபடி வெங்காயத்துக்குத் திரும்பினான்.

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். மில் என்பது நாலு பேருக்குத் தெரியும். ஆனால் எல்லாரிடமும் அவள் சொல்லியிருந்தது முன்வாசல். இடது வாசலை ஒரே ஒருவரிடம்தான் சொன்னாள். டிரைவரை அனுப்பிய பிறகு, போனில், "சார், நீங்க மட்டும் இடது வாசல் வழியா வாங்க, யாருக்கும் தெரியாது" என்றபோது, "சரிம்மா, சரிம்மா" என்று குழைவாகச் சொன்ன ஹீரோவிடம்.

அவர்மேல் வந்த எரிச்சலைவிட, பைக்குள் கிடந்த சாவியை நினைத்தபோது வந்ததுதான் அதிகம்.

மேனேஜரைக் கூப்பிட்டாள். மில்லுக்கு அனுமதி கிடைத்தது அபூர்வம், தேதியை மாற்றவே முடியாது என்று அவர் வைத்துவிட்டார். ஹீரோ போனை எடுக்கவில்லை. "இடது வாசல் வேணாம் சார், பின்வாசலுக்கு வாங்க" என்று செய்தி அனுப்பினாள். அவர் படித்துவிட்டதற்கான அடையாளமும் வந்தது.

காலையில் அவள் இடது வாசலின் இரும்புக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, இருந்த ஆட்களில் பாதிப்பேரை அங்கே வெளிப்பக்கம் நிறுத்திவிட்டு, பின்வாசலில் போய்க் காத்திருந்தாள். ஹீரோவின் கார் இடது வாசலுக்கே போயிற்று. கூரைத் திறப்பு வழியாக அவர் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். தெரு முழுக்க ஒரே இரைச்சல். அவரை உள்ளே விட்டுவிடலாம் என்று நல்லெண்ணத்தோடு ஓடிய மேக்கப் பெண் தாழ்ப்பாளை இழுத்தாள். வெளியே இருந்தவர்கள் மொத்தமாகச் சாய, கதவு அவள் கையைச் சுவரோடு வைத்து நசுக்கியது.

தடுப்பக்கா ஓடி வந்து சேர்ந்தபோது அந்தப் பெண் அழக்கூட இல்லை. தன் கையையே வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டு அவள் நேராக ஹீரோவின் கேரவனுக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை. அவர் கண்ணாடி முன்னால் பாதி மேக்கப்போடு உட்கார்ந்திருந்தார்.

"சார், இடது வாசல்னு உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அந்தப் பொண்ணுக்கு எப்படி இருக்கு?"

"மணிக்கட்டு உடைஞ்சிருக்கும்போல. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"என்னத்த சொல்றது. நான்தான். ரசிகருங்கள்ல ஒருத்தன்கிட்ட சொன்னா போதும், எல்லாருக்கும் போயிடும்."

"எதுக்கு சார்?"

அவர் கண்ணாடியைப் பார்த்தே பேசினார். "போன வருஷம் ஒரு துணிக்கடை திறக்கக் கூப்பிட்டாங்க. ரிப்பனை வெட்டிட்டுத் திரும்பிக் கையாட்டறேன், எதிர்ல கடைக்காரரோட மச்சான் மட்டும் நின்னு வீடியோ எடுக்கறான். பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர், 'சார், கிளம்பலாமா, எனக்கு வேற வேலை இருக்கு'ன்னார். அதுக்கப்புறம் எட்டு மாசம் யாரும் என்னைக் கூப்பிடல. கூட்டம் இருக்கற ஆளுக்குத்தாம்மா அடுத்த படம்."

"கூட்டம் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே. இடம் பார்த்து, வழி போட்டு, பத்திரமா வரவழைச்சிருப்பேன்."

"சொல்லி வரவழைச்சா அது கூட்டமாம்மா?"

"உங்களால ஒரு டிரைவருக்கு வேலை போச்சு."

"எந்த டிரைவர்?" என்றார் அவர்.

நடிப்பில்லை. அவருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. அதுவரை அடக்கிவைத்திருந்த ஆத்திரம் அந்த ஒரு கேள்வியில் அவளுக்குத் தலைக்கேறியது. இன்னும் ஒரு நிமிடம் நின்றால் சொல்லக்கூடாததைச் சொல்லிவிடுவோம் என்று இறங்கி வந்துவிட்டாள்.

மேனேஜர் விஷயத்தைக் கேட்டதும் முதலில் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவா பேசுங்க. படம் பாதில நிக்குது. அவர் கோவிச்சுக்கிட்டுப் போய்ப் படுத்துட்டா, நீங்க வந்து நடிப்பீங்களா?"

"டிரைவரைத் திரும்பக் கூப்பிடுங்க."

"கூப்பிட்டா, அப்ப யாரு சொன்னதுன்னு ஊரே கேக்கும்."

"கேக்கட்டும். இல்லன்னா நாளையிலேருந்து நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவள் கையெழுத்தில்லாமல் காப்பீட்டுக் கம்பெனி படப்பிடிப்பை ஏற்காது. மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கூப்பிட்டுத் தொலைங்க. ஆனா அவர் பேரு வெளிய வரக்கூடாது."

டிரைவர் வீட்டு வாசலில் பழைய பைக் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து அவன் மனைவி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து சத்தமாக வைத்துவிட்டுப் போனாள்.

"தப்பு என்னோடதுப்பா. நீ சொல்லல. எனக்கு இப்பத் தெரியும்."

"இங்க வந்து சொல்லி என்னக்கா ஆகப்போகுது? என்னை அனுப்பினது எல்லார் முன்னாடியும். என் மாமனார் வரைக்கும் போயிடுச்சு."

அவள் சாவியை அவன் பக்கத்தில் வைத்தாள். "நாளைக்கு வா. எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

மறுநாள் காலை மில் முற்றத்தில் எல்லாரும் தட்டோடு நின்றபோது சொன்னாள். "டிரைவர்மேல நான் அநியாயமாப் பழி போட்டேன். இடத்தைச் சொன்னது அவர் இல்ல. நான் சரியா விசாரிக்கல." யாரென்று சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எல்லாரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். காரில் சாய்ந்து நின்றிருந்த ஹீரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பி, இனிமே என் காரையும் நீயே ஓட்டேன்" என்றார்.

"எனக்கு வேன்தான் சார் பழக்கம்" என்றான் டிரைவர்.

அதன்பின் அவள் ஹீரோவிடம் ஓர் ஒப்பந்தம் பேசி முடித்தாள். படப்பிடிப்பு முடிகிற நாளில் மில்லுக்குப் பக்கத்து மைதானத்தில் ரசிகர்களைச் சந்திக்கலாம். அதுவரை அவர் வாயைத் திறக்கக் கூடாது. அவர் சம்மதித்தார், சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். தெருக்கள் வெறிச்சென்று கிடந்தன. ஷாட்டுகள் வரிசையாக முடிந்தன. அவர் மட்டும் ஒவ்வொரு நாளும் காரிலிருந்து இறங்கியதும் தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மைதானத்துக்காக அவள் தூக்கம் கெட்டு உழைத்தாள். உள்ளே வர ஒரு வழி, வெளியே போக இரண்டு வழி, வளைந்து வளைந்து வரும் தடுப்பு வரிசை, வயதானவர்களுக்கு நிழல், கைக்குழந்தைக்காரர்களுக்குத் தனி இடம். வெளிப்படையாக அறிவித்தார்கள். சுவரொட்டிகூட ஒட்டினார்கள்.

அன்று வந்தவர்கள் ஒரு பேருந்தை நிரப்பியிருக்க மாட்டார்கள். வளைந்து போன தடுப்பு வரிசைக்குள் ஒரு குடும்பம் மட்டும், தங்களுக்குமுன் யாருமே இல்லாமல், சொன்ன ஒழுங்கில் சுற்றிச் சுற்றி வந்தது.

"எல்லாரும் எங்க?" என்று நாத்தனாரிடம் கேட்டாள்.

"அவரே ஊருக்கெல்லாம் சொல்லிட்டு வர்றதுல என்ன அண்ணி இருக்கு? நானே உங்களுக்காகத்தான் வந்தேன்."

ஹீரோ கேரவனை விட்டு இறங்க மறுத்தார். ஜன்னல் திரை ஒருமுறை விலகி மூடியது. தடுப்பக்காவுக்கு வந்த எரிச்சல் யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர்மேலா, வராதவர்கள்மேலா, வருவார்கள் என்று நம்பி இவ்வளவு கம்பியை இறக்கிய தன்மேலா. பிறகு டிரைவரைக் கூப்பிட்டாள்.

"வாப்பா, இந்தத் தடுப்பையெல்லாம் உள்ள தள்ளுவோம். மேடைக்கு ஒட்டினாப்பல."

இருவரும் கம்பிகளை இழுத்து மைதானத்தைச் சுருக்கினார்கள். ஓர் அறை அளவுக்கு இடத்தைக் குறைத்து, வந்தவர்களையெல்லாம் அதற்குள் நெருக்கமாக நிறுத்தினார்கள். கேமராக்காரரைக் கீழே உட்கார வைத்து, அந்த முகங்கள் மட்டும் தெரிகிறமாதிரி எடுக்கச் சொன்னாள். பிறகு கேரவன் கதவைத் தட்டி, "ஆளுங்க நெருக்கிட்டு நிக்கறாங்க சார், வாங்க" என்றாள்.

அவர் மேடையேறினார். அந்தக் கொஞ்சம் பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். அவருக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. ஒரு பார்வையிலேயே முகம் மாறியது. ஆனால் இறங்கிப் போய்விடவில்லை. மேடையிலிருந்து குதித்து, ஒவ்வொருவர் கையையும் பிடித்து, பெயர் கேட்டு, பிள்ளைகளைத் தூக்கிப் பேசிக்கொண்டே இருந்தார். ஓரத்தில் கட்டுப் போட்ட கையோடு மேக்கப் பெண் நின்றிருந்தாள். அவளருகில் வந்தபோது அவர் எதையோ தாழ்ந்த குரலில் சொன்னார். அவள் தலையாட்டினாள், சிரிக்கவில்லை.

எல்லாம் முடிந்து போனபின் மேனேஜர் முகம் மலர வந்தார். "சும்மா சொல்லக்கூடாதும்மா. நீங்க வந்ததுலேருந்து இன்னிக்குத்தான் ஏற்பாடு சரியா இருந்துச்சு. ஒரு தள்ளுமுள்ளு இல்ல, ஒண்ணு இல்ல. அடுத்த படத்துக்கும் இதே மாதிரி பண்ணிடுங்க."

அவள் அவரையே பார்த்தாள். டிரைவர் ஒரு தடுப்பின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்தபடி, "அக்கா, கை வலிக்குது, பிடிங்க" என்றான். அவள் போய்ப் பிடித்தாள்.