பேர் கூப்பிட்டால் தோல்வி

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பிள்ளையை அழகிப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு அலைகிற எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்வாள்: பேர் கூப்பிட்டால் போச்சு. சின்னக் கிரீடங்களை முதலில் கொடுத்துத் தீர்த்துவிடுவார்கள். மகா ராணிப் பட்டத்துக்கென்று எடுத்து வைத்த பிள்ளையின் பேரைக் கடைசி வரைக்கும் உச்சரிக்கவே மாட்டார்கள். ஆக, மேடையில் யாரும் சீந்தாமல் நிற்கிறவள்தான் பாக்கியசாலி.

டார்லாவின் மகள் பெய்ஸ்லிக்கு வயது ஐந்து. இதுவரை ஏழு போட்டி. ஏழிலும் பேரைக் கூப்பிட்டுத் தொலைத்தார்கள். வீட்டில் சின்னக் கிரீடம் மலிந்துபோய் நாய்கூட ஒன்று போட்டுக்கொண்டு திரிந்தது. இந்த எட்டாவதில் மகா ராணி நிச்சயம் என்று டார்லா சர்ச்சிலும் முடிவெட்டும் கடையிலும் முன்கூட்டியே அறிவித்திருந்தாள். தோற்றால் ஊர் மாறுவதைத் தவிர வேறு வழியில்லை.

அதனால் மூன்று மாதமாகத் தினமும் காலைச் சாப்பாட்டோடு பாடம் நடந்தது.

"பேர் கூப்பிட்டா?"

"தோத்துட்டோம்."

"கூப்பிடலைன்னா?"

"நாமதான் ராணி!"

போட்டியன்று ஓட்டல் அறையில் பிள்ளைக்குச் சவுரி ஏறியது. விழுந்த பால்பல்லுக்குப் பதில் பிளாஸ்டிக் பல் ஏறியது. வெயிலில் காய்ந்த நிறம் வருவதற்கு உடம்பு பூராவும் மருந்தடித்தாள். கணவன் ரஸ் எட்டிப் பார்த்தான்.

"ஏன் டார்லா, புள்ளைய வறுத்தா வெச்சிருக்கே?"

"உனக்கு என்ன தெரியும்? மேடை வெளிச்சத்துல இதெல்லாம் ரோஜாப்பூ மாதிரி தெரியும்."

அரங்கில் பக்கத்து நாற்காலியில் டுவைலா. அவள் மகளும் போட்டியில் இருந்தாள். டார்லா அவள் கையைத் தடவிக் கொடுத்தாள்.

"கவலைப்படாதேடி. உன் மகளுக்கு ஏதாவது ஒண்ணு கண்டிப்பா கெடைக்கும். கர்த்தர் அவளை ஆசீர்வதிக்கட்டும்."

அந்த ஊரில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. டுவைலா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மினுமினுக்கிற கோட்டுப் போட்ட அறிவிப்பாளர் முதல் உறையைப் பிரித்தார்.

"நாலாவது எடம்... பெய்ஸ்லி டக்கெட்!"

டார்லா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். மகா ராணி போகட்டும், அதற்கு அடுத்த ராணிகூட இல்லை, நாலாவது!

மேடையில் பெய்ஸ்லி அசையவில்லை.

"பெய்ஸ்லி? கண்ணு, நீதாம்மா!"

"இல்ல."

"உன் பேரு பெய்ஸ்லி இல்லையா?"

"பேருதான். ஆனா நான் தோக்கல. பேரைக் கூப்பிட்டா தோத்துட்டோம்னு அர்த்தம், எங்கம்மா சொன்னாங்க. இவங்களுக்கெல்லாம்தான் சின்னது." பிள்ளை மற்ற நாலு பேரையும் பெருந்தன்மையோடு காட்டிற்று. ஒலிபெருக்கி ஒரு எழுத்தைக்கூட விழுங்கவில்லை.

டுவைலா குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "போடி டார்லா, போய்க் கூட்டிட்டு வா. கர்த்தர் உன்னை ஆசீர்வதிக்கட்டும்."

டார்லா மேடையேறினாள். இருநூறு தாய்மார்களின் கண் முதுகில் குத்தியது. மண்டியிட்டு மகளின் காதில் கிசுகிசுத்தாள்.

"தோத்துட்டோம் செல்லம். வாங்கிட்டு வா, போகலாம்."

பெய்ஸ்லி யோசித்தாள்.

"யாரு தோத்தா? நானா, நீயா?"

அறிவிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் மூன்று வயதுப் பிரிவுகள் பாக்கி.

"நான்தான்," என்றாள் டார்லா.

"அப்ப நீயே வாங்கிக்கோ. நான் ராணிக்கு வெயிட் பண்றேன்."

அறிவிப்பாளருக்கு வேலை முடிந்தால் சரி. பட்டம் எழுதிய பட்டுப் பட்டையைத் தூக்கி டார்லாவின் தோளில் மாட்டினார். சின்னக் கிரீடத்தை அவள் கொண்டைமேல் செருகினார். புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கினார்.

என்ன செய்வாள்? முப்பத்தெட்டு வயதில் நாலாவது இடம். டார்லாவின் ஒரு கை, போட்டி அழகிகளைப் போல, தானாக இடுப்புக்குப் போயிற்று.